சிரித்தால் உதைக்கிற பெட்டி

அந்தக் கடைக்குள் சிரிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் உள்ளே வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஸ்பாஞ்சு கொண்டுவரும் வேன்காரர்கூட வாசலிலேயே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, இழவு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தார்.

பஸ் இருக்கை, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, ஹோட்டல் வரவேற்பறை சோபா எல்லாவற்றுக்கும் மெத்தை வைத்து உறை தைக்கிற கடை அது. நடத்துகிறவர்கள் இரண்டு பேர். ஒருவரை எல்லோரும் மெத்தைக்காரர் என்பார்கள். இன்னொருவர் அவருடைய மனைவியின் அண்ணன். மெத்தைக்காரருக்கு அவர் மச்சான். மச்சானுக்கு இவர் மாப்பிள்ளை. அந்த உறவுக்குரிய கேலியையும் கிண்டலையும் இருவரும் குறைவில்லாமல் நடத்திவந்தார்கள். சட்டம் வரும்வரைக்கும்.

சட்டத்துக்குக் காரணம் மெத்தைக்காரரின் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் இருந்த பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதிலிருந்து ஒரு வயர் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகிறது. இதயம் ஒழுங்கு தவறித் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்தால் பெட்டி அதைக் கண்டுபிடித்து ஒரு மின் அதிர்ச்சி கொடுக்கும். இதயம் பழைய நடைக்குத் திரும்பும். சில வருஷங்களுக்கு முன் பஸ் டெப்போவில் கழற்றிய சீட்டுகளுக்கு நடுவே அவர் சுருண்டு விழுந்தார். முதலுதவி பழகியிருந்த டிரைவர் ஒருவர் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். அதன் பிறகு வைத்த பெட்டி.

வைப்பதற்கு முன்னால் மாதிரிப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தவர் அவர். மூலைகளைத் தடவி, "நல்லா உருட்டியிருக்காங்க, துணியைக் கிழிக்காது" என்றார். எந்தப் பொருளையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். எங்கே இழுபடும், எங்கே உரசும், எங்கே முதலில் கிழியும்.

ரொம்ப நாள் அந்தப் பெட்டி ஒன்றும் செய்யாமல் இருந்தது. இருப்பதையே மறந்துபோனார். அப்புறம் ஒரு நாள் உதைத்தது.

அது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு அவர்களுடைய வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பட்டன் வைத்த சோபாக்களில் குழி குழியாக இருக்குமே, அதற்கு இரண்டு ஆள் தேவை. சாய்மானத்தை நிமிர்த்தி நிறுத்தி, முன்பக்கம் ஒருவர், பின்பக்கம் ஒருவர். முழ நீள ஊசியை முன்னால் இருப்பவர் மெத்தைக்குள் செலுத்த, பின்னால் இருப்பவர் வாங்கி, நூலைத் திருப்பி அதே வழியில் அனுப்புவார். முன்னால் இருப்பவர் பட்டன் குழிக்குள் அமுங்கும்வரை நூலைக் காதுக்கு மேலே கையைத் தூக்கி இழுத்து, பின்னால் முடிச்சு விழும்வரை அப்படியே பிடித்திருக்கவேண்டும். மெத்தைக்காரர் இடது கையால் இழுப்பவர். மச்சான் வலது கைக்காரர். எதிரெதிரே நின்றால் கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டு கைகளும் ஒரே பக்கம் வரும். ஊசி குறுக்கே போகாமல் நேராகப் போய் நேராக வரும். அவர்கள் தைத்த குழிகள் வரிசை பிசகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். மச்சான் மட்டும், "எல்லாம் என் தங்கச்சியோட ராசி" என்பார்.

அன்றைக்கு பல் டாக்டரின் சாய்வு நாற்காலி. இடது கையைத் தூக்கி நூலை இழுத்துப் பிடித்திருந்தார் மெத்தைக்காரர். பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது.

"மாப்ளே, இவ்வளவு பாடுபட்டுத் தைக்கிறோம். இதுல உட்காருற ஒருத்தனாவது மெத்தை நல்லா இருக்குன்னு சொல்லுவானா?"

"ஏன் சொல்லமாட்டான்?"

"வாயைத் திறந்தா டாக்டர் உள்ளே கையை விட்டுடுவாரே."

மெத்தைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போது, இறுக்கிக் கட்டிய ஸ்பிரிங் கட்டறுத்துக்கொண்டு பாய்வதுபோல நெஞ்சுக்குள்ளிருந்து ஒன்று தாவி உதைத்தது. கண்ணுக்குள் வெள்ளை வெளிச்சம். நூல் நழுவியது. சுதாரித்துப் பார்த்தபோது தரையில் உட்கார்ந்திருந்தார். மச்சான் ஓடிவந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே நன்றி மயம். "பெட்டி இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்!" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தடவை உதைத்தால் ஆஸ்பத்திரிக்குச் சொல்லவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார் மெத்தைக்காரர். அவருக்குள் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. டெப்போவில் விழுந்த அன்று முதலில் தலை சுற்றியது, காது அடைத்தது. இந்தத் தடவை அப்படி எதுவும் இல்லை. நன்றாக இருந்த மனுஷனை எதற்கு உதைத்தது?

இரண்டாவது உதை வீட்டில். ஊருக்குப் போவதற்காக அலமாரி மேலிருந்த சூட்கேஸை எட்டி இழுத்துக்கொண்டிருந்தார். கீழே நின்ற மனைவி, "பார்த்து. நெஞ்சுல ஒண்ணு, தலையில ஒண்ணுன்னு ரெண்டு பெட்டியோட சுத்தப் போறீங்க" என்றார். அவர் சிரித்தார். உதைத்தது.

மூன்றாவது, பஸ் நிறுத்தத்தில். தூரத்தில் வந்த பஸ்ஸை நிறுத்தக் கையைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற மச்சான், "நம்ம தைச்ச சீட்டு, மாப்ளே! பாருங்க, ஏறினவன் இறங்கவே இல்லை, அத்தனை பேரும் தூக்கம்" என்றார். சிரித்தார். உதை வாங்கிய மெத்தைக்காரர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். பஸ் போயேபோய்விட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மூன்று தடவையும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இது சிரிச்சா உதைக்குது."

"பெட்டியா?"

"யோசிச்சுப் பாருங்க. சிரிக்கும்போது நெஞ்சு குலுங்குதில்லையா? இதயம் துள்ளுதுன்னு அது தப்பாப் புரிஞ்சுக்குது."

மச்சான் வாழ்நாள் முழுக்க வாயாலேயே பேர் வாங்கியவர். மாப்பிள்ளையைத் தன் வாய்தான் கொன்றுகொண்டிருக்கிறது என்று கேட்டதும் அவர் முகம் காற்றுப் போன டியூப் மாதிரி ஆகிவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றார் மனைவி.

"போனா தைக்கிறதை விடச் சொல்லுவாங்க" என்றார் மெத்தைக்காரர். அதுதான் அவருடைய பயம். உதைகூட அதற்கு அடுத்துதான். ஏற்கெனவே மச்சான் ஒரு பேச்சைத் தொடங்கியிருந்தார்: மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களிடம் துணி காட்டட்டும், இழுக்கிற வேலைக்கு வேறு ஆள் போட்டுக்கொள்வோம். ஒரு நாள் ஆளும் வந்தான். வலது கைக்காரன். இரண்டு வலது கைகளும் எதிரெதிரே நின்று ஊசியைக் குறுக்கே அனுப்பியதில், குழிகளின் வரிசை குடித்தவன் நடைபோலக் கோணிக்கொண்டு போனது. துணி மாதிரிகளை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தார் மெத்தைக்காரர். ஊசியை விட்டால் தன்னுடைய கைக்கு இந்த உலகத்தில் வேறு வேலை இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

"சிரிக்காம இருந்தாப் போதும். நான் தைக்கிறேன்" என்றார். அப்படி வந்ததுதான் அந்தச் சட்டம்.

சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்புகிறவர் இல்லை அவர். கட்டிலில் தலையணைகளை அடுக்கிவைத்து நடுவில் உட்கார்ந்து, வேண்டுமென்றே உரக்கச் சிரித்துப் பார்த்தார். சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடிவந்தார்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"சோதனை. ஒண்ணும் ஆகலை. பொய்ச் சிரிப்புக்கு உதைக்காது போல."

"நிஜச் சிரிப்பு, பொய்ச் சிரிப்பு வித்தியாசம் அந்தப் பெட்டிக்குத் தெரியுதா? இத்தனை வருஷமா எனக்கே தெரியலையே!"

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டார்.

மனைவி அன்றிலிருந்து செய்தி வாசிப்பதுபோலப் பேசப் பழகினார். "சாதம் தயார். சாப்பிட வரலாம்." தொலைக்காட்சியில் சிரிப்புக் காட்சி வந்தால் அவசர அவசரமாக வானிலை அறிக்கைக்கு மாற்றினார். மச்சானின் பாடுதான் பெரிய பாடு. பாதுகாப்புக்காக, துக்கச் செய்திகளாகத் தேடிக்கொண்டுவந்தார்.

"மாப்ளே, கண்ணாடிக் கடைக்காரரோட பெரியப்பா போயிட்டார்."

"ஐயோ. எப்போ?"

"காலையில. முதல் பஸ்ல. ஜன்னல் சீட்டு கிடைச்சுதாம்."

சொன்ன மறுநொடியே வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார். மெத்தைக்காரர் மேசையைக் கெட்டியாகப் பிடித்தபடி கண்ணை மூடிக் காத்திருந்தார். சிரிப்பு உள்ளேயே குமிழியிட்டு அடங்கியது. உதை வரவில்லை. வராதது அவரை யோசிக்கவைத்தது. இது நிஜச் சிரிப்புத்தானே? அப்புறம் ஏன் சும்மா இருக்கிறது?

பதில் வேறு விதமாக வந்தது. ஹோட்டல் சோபா ஒன்றை நிமிர்த்தி வைத்து இருவரும் பேச்சு மூச்சில்லாமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். நகைச்சுவை இல்லை, வம்பு இல்லை, விசில்கூட இல்லை. ஊசி போனது, வந்தது. மெத்தைக்காரர் நூலோடு ஊசியையும் சேர்த்துப் பிடித்து, காதுக்கு மேலே இழுத்தார். ஊசியின் மறுமுனை இன்னும் மச்சான் கையில் இருந்தது. உதைத்தது. அடங்கி அவர் மூச்சு வாங்குவதற்குள் இன்னொன்று.

முதல் உதையிலேயே சாய்மானத்துக்குப் பின்னாலிருந்து "ஆ!" என்று சத்தம் கேட்டது.

தரையில் கிடந்த மெத்தைக்காரர் முதலில் கேட்டது இதைத்தான்: "மச்சான், நான் சிரிச்சேனா?"

"இல்லை மாப்ளே. சிரிப்புச் சத்தமே வரலை. காலையிலேருந்தே முகத்தை உம்முனு வச்சிருந்தீங்க. பார்க்கவே சகிக்கலை."

"அப்போ சிரிப்பு இல்லை." வலிக்கு நடுவிலும் அவர் குரலில் ஓர் ஆர்வம் எட்டிப்பார்த்தது.

"என்னவோ இருந்துட்டுப் போகட்டும். இனிமே உங்க பேச்சைக் கேட்கிறதா இல்லை. எழுந்திரிங்க. வேணாம், படுத்தே இருங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்."

ஆஸ்பத்திரியில் பெட்டிகளைப் பரிசோதிக்கிறவர் ஓர் இளம்பெண். கெட்டியான கண்ணாடி போட்டவர், நிதானமாகப் பேசுகிறவர். பெட்டிக்கு மேலே சட்டையோடு ஒரு வட்டக் கருவியை வைத்ததும் திரையில் கோடுகள் ஓடின. மெத்தைக்காரர் கழுத்தை நீட்டி எட்டிப்பார்த்தார்.

"நானும் பார்க்கலாமாம்மா?"

"தாராளமா. உங்க நெஞ்சுதானே." திரையை அவர் பக்கம் திருப்பினார். "இது ஒவ்வொரு தடவையும் ஷாக் கொடுத்தப்போ பெட்டி பதிஞ்சு வச்சது. இந்தக் கிறுக்கலைப் பாருங்க. இது உங்க இதயம் போட்ட கோடு இல்லை. இதயம் இவ்வளவு வேகமா ஓடியிருந்தா நீங்க மயங்கியிருப்பீங்க. மயக்கம் வந்துச்சா?"

"இல்லையே. அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"வயருக்குள்ளே ஒரு கம்பி அறுந்திருக்கு. அசையும்போது கரகரன்னு சத்தம் கிளம்புது. பெட்டி அதை இதயத்தோட துடிப்புன்னு நினைச்சு ஷாக் கொடுக்குது. எந்த அசைவுல வருதுன்னு பார்த்துடலாம். ஷாக்கை நிறுத்தி வச்சிருக்கேன், பயப்படாதீங்க. அவசரத்துக்கு நெஞ்சுக்கு வெளியே ஷாக் கொடுக்கிற மெஷினும் ஒட்டியாச்சு."

கையைத் தூக்கச் சொன்னார், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார், உள்ளங்கைகளை அழுத்தச் சொன்னார். திரையில் லேசாக ஏதோ தட்டியது. தெளிவாக இல்லை.

"என்ன வேலை செய்யறீங்க?"

"சோபா, சீட்டு தைக்கிறேன்."

"ஷாக் அடிச்சப்போ என்ன செஞ்சீங்களோ, அதை அப்படியே செஞ்சு காட்டுங்க."

மச்சானுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. மேசையிலிருந்த பேண்டேஜ் துணியைக் கேட்டு வாங்கிப் பிரித்தார். ஒரு நுனியை மாப்பிள்ளையிடம் கொடுத்து, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் அந்தப் பக்கம் நின்றார். மெத்தைக்காரர் ஊசி செலுத்துவதுபோல் செலுத்தி, வாங்கி, கையைக் காதுக்கு மேலே தூக்கி இழுத்தார். கோடுகள் ஆடாமல் அசையாமல் ஓடின. மறுபடி இழுத்தார். ஒன்றுமில்லை.

மச்சான் துணியைக் கீழே போட்டார்.

"மாப்ளே, யாருக்கு நடிச்சுக் காட்டுறீங்க?"

"என்ன மச்சான்?"

"வலது கையால இழுக்கிறீங்க. என்னைக்கு வலது கையால இழுத்திருக்கீங்க?"

மெத்தைக்காரர் தன் கையைக் குனிந்து பார்த்தார். வலது கைதான். அவருக்கே தெரியாமல் நடந்திருந்தது.

பரிசோதிக்கிற பெண் நிமிர்ந்தார். "வலது கைப் பழக்கம்னுதானே முன்னாடி சொல்லியிருக்கீங்க?"

சொல்லியிருந்தார். பெட்டி வைப்பதற்கு முன் நர்ஸ் கேட்டபோது, யோசிக்காமல் "வலது கைதாங்க" என்றிருந்தார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. சின்ன வயதில் இடது கையால் பென்சில் பிடித்ததற்குப் பள்ளிக்கூடத்தில் விரல் முட்டியில் அடி, சாப்பாட்டில் இடது கையை வைத்ததற்கு வீட்டில் அடி. எழுதவும் சாப்பிடவும் கும்பிடவும் வலது கை பழகிக்கொண்டது. மேசை போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் முன்னால் அவர் வலது கைக்காரர். கடைக்குள் நுழைந்து சட்டையை மாற்றியதும் இடது கைக்காரர். இப்படி இரண்டு ஆளாக இருப்பதை அவர் ஒருநாளும் கவனித்ததே இல்லை.

"இடது கையால செய்யுங்க" என்றார் அந்தப் பெண்.

மச்சான் துணியை எடுத்துப் பிடித்தார். மெத்தைக்காரர் இடது கையால் வாங்கி, தூக்கி, தோளைக் கொஞ்சம் முறுக்கி இழுத்தார். திரையின் ஒரு கோட்டில் கிறுக்கல் பொரிந்து கிளம்பியது. அதற்குக் கீழே இன்னொரு கோட்டில் அவருடைய இதயம் எதுவும் அறியாமல் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கையை இறக்கினார், கிறுக்கல் நின்றது. தூக்கி இழுத்தார், வந்தது.

"அட!" என்றார். மறுபடியும் இழுத்தார். "அட, பாருங்க மச்சான்!"

"போதும், போதும்" என்று சிரித்தார் அந்தப் பெண். "விட்டா இருக்கிற கம்பியையும் அறுத்துடுவீங்க."

கழுத்தெலும்புக்கும் விலாவுக்கும் நடுவில் வயர் நுழைகிற இடத்தை அவர் வரைந்து காட்டினார். ஒவ்வொரு தடவை கையைத் தூக்கி இழுக்கும்போதும் அந்த இடுக்கில் வயர் நசுங்கியிருக்கிறது. மெத்தைக்காரருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சோபாவின் மரச்சட்டத்து ஓரத்தில் உரசுகிற நூல். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே இழை பிரிந்துகொண்டே வரும். அவரே எத்தனை சோபாக்களில் பார்த்திருக்கிறார்.

"அப்போ சிரிப்பு?" என்று கேட்டார் மச்சான். அவருக்கு அது முக்கியம்.

"எந்தச் சிரிப்பு?"

கதையைச் சொன்னார்கள். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சிரிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. சிரிச்சப்போ எல்லாம் கை மேலே இருந்திருக்கு, அவ்வளவுதான்."

சூட்கேஸ். பஸ். நூல். மெத்தைக்காரர் ஒவ்வொன்றாக நினைத்துப்பார்த்தார். எல்லாவற்றிலும் இடது கை மேலே இருந்தது. முகத்தையே கவனித்துக்கொண்டிருந்ததில் கையை ஒருவரும் பார்க்கவில்லை.

மச்சான் தொண்டையைச் செருமினார். "இன்னொண்ணும் கேட்கணும்மா. கடைசித் தடவை எனக்கும் விரல்ல சுரீர்னுச்சு. ஊசி குத்திடுச்சுன்னு இவர்கிட்ட சொல்லிட்டேன்."

"தொட்டுக்கிட்டு இருந்தா லேசாத் தெரியலாம். அதனால உங்களுக்கு ஆபத்து ஒண்ணும் இல்லை."

"அதானே" என்றார் மச்சான். ஆனால் விரலைத் தேய்த்துக்கொண்டேதான் இருந்தார்.

டாக்டர் வந்து பார்த்தார். அதற்குள் மனைவியும் வந்துசேர்ந்திருந்தார். மெத்தைக்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "நான் தைக்கலாமா டாக்டர்?"

"இந்த வயரோட முடியாது. மாத்தணும். எங்கே வைக்கிறதுன்னுதான் பேசணும். இதே பக்கம் புது வயர் போடலாம். சுலபம். ஆனா நீங்க இடது கையால இழுக்கிற வேலையைக் குறைச்சாத்தான் அதுக்கு ஆயுசு. வலது பக்கம் வைக்கலாம். கொஞ்சம் சுத்து வேலை, அங்கேயிருந்து ஷாக் சரியா வேலை செய்யுதான்னும் பார்க்கணும். எந்தப் பக்கமா இருந்தாலும் வயர் கெடவே கெடாதுன்னு என்னால சொல்ல முடியாது. நிஜமாவே தேவைப்பட்டா பெட்டி உதைக்கத்தான் செய்யும். அதுக்குத்தானே அது இருக்கு." டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இடது கைக்காரங்களுக்கும் இடது பக்கமே வைக்கிறதுண்டு. ஆனா தெரிஞ்சிருந்தா அன்னைக்கே இதைப் பேசியிருப்போம். இப்போ சொல்லுங்க. உங்களுக்கு எந்தக் கை?"

மேசை இருந்தது. கேள்வி கேட்கிறவர் உட்கார்ந்திருந்தார். "வலது" என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது, டாக்டர்" என்றார். "சாப்பிடுறது, எழுதுறது எல்லாம் ஊருக்காக. வேலைக்கு இடது."

பெட்டியை வலது பக்கம் மாற்றினார்கள். ஆறுகிறவரைக்கும் வலது கையைத் தூக்கக் கூடாது என்று உத்தரவு. இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார் மெத்தைக்காரர். முதல் நாள் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள், "ருசி கூட ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றார். "சமைச்சது நான். புகழ்றது கையை" என்றார் மனைவி. செய்தி வாசிக்கிற குரலை அவர் எப்போதோ விட்டிருந்தார்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு கடைக்கு வந்தார். அதே ஹோட்டல் சோபா பாதித் தையலோடு நின்றிருந்தது. மெத்தைக்காரர் முன்பக்கம் போனார், மச்சான் பின்பக்கம் போனார். சாய்மானம் ஆள் உயரம் என்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

ஊசியைச் செலுத்தினார். அது அந்தப் பக்கம் போனது. கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது. நூலை இடது கையில் சுற்றிக்கொண்டார். இழுக்கவேண்டும். கை தோள் உயரத்தில் நின்றுவிட்டது. வயர் புதிது, பக்கம் வேறு, திரையில் கண்ணால் பார்த்தாயிற்று. இருந்தும் தோளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. உதைத்தால் உதைக்கட்டும், ஆனால் எதற்கு உதைத்தது என்று இந்தத் தடவை ஒழுங்காகக் கவனிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு காதுக்கு மேலே இழுத்தார்.

பட்டன் குழிக்குள் அமுங்கியது. கடைக்குள் சத்தமே இல்லை.

"என்ன மச்சான், பேச்சையே காணோம்?"

"இருக்கீங்களான்னு பார்த்தேன்."

"இருக்கேன். முடிச்சைப் போடுங்க. கை வலிக்குது."

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நூல் வழுக்குது."

நூல் எதற்கு வழுக்குகிறது? இத்தனை வருஷத்தில் மச்சான் கையில் நூல் வழுக்கியதில்லை. மெத்தைக்காரருக்குப் பொறுக்கவில்லை. கையை இறக்காமல், பிடியைத் தளர்த்தாமல், கழுத்தை மட்டும் நீட்டிச் சாய்மானத்தைச் சுற்றி எட்டிப்பார்த்தார்.

மச்சான் இரண்டு கைகளிலும் பாத்திரம் கழுவுகிற ரப்பர் உறை மாட்டியிருந்தார். முழங்கைவரைக்கும். மஞ்சள் நிறம். தங்கச்சி வீட்டுச் சமையலறையிலிருந்து எப்போது கிளப்பிக்கொண்டு வந்தாரோ.

"ஆபத்து இல்லைன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே!" என்றார் மெத்தைக்காரர்.

"அது படிச்ச பொண்ணு, சொல்லும். விரல் என்னோடதில்லையா?"

மெத்தைக்காரர் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, இடது கை காதுக்கு மேலே நூலை இழுத்துப் பிடித்திருக்க, நிஜமாகவே சிரித்தார். மச்சானும் எட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் நெஞ்சையே பார்த்தார். சிரிப்பு ஓய்ந்தது. கை மேலேயே இருந்தது. பட்டன் குழிக்குள்ளேயே இருந்தது.

"உறையைக் கழட்டுங்க மச்சான். முடிச்சு விழணும்."

மச்சான் யோசித்தார். பிறகு ஒரு கையில் இருந்ததை மட்டும் கழற்றினார்.